வீசியெறிவதுதான் சுத்தமா?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



"வைத்தியசாலையும் சுற்றாடலும்" என்பது இன்று எமக்குத் தரப்பட்ட பொருள். இதைக் கேட்டதும், மதிலோரத்திலே புகைந்துகொண்டிருக்கும் குப்பை மேட்டைப்பற்றி ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று உங்களிற் பலர் எண்ணியிருக்கக்கூடும். அதுவும் வரும். ஆனால் அதற்கு முன்னர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட விரும்புகிறோம். ஒரு பொருளை ஒரேயொரு முறை பயன்படுத்தி வீசிவிடுவதுதான் சுத்தமா? கழுவி, அவித்து, மீண்டும் எடுத்துப் பயன்படுத்துவது அசுத்தமா?

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோருக்கு நினைவிருக்கும். அந்நாளிலே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போகிறவர் கையில் வீட்டிலிருந்து ஒரு வெறும் போத்தலும் போகும். மிக்சர் மருந்தை அதிலேதான் ஊற்றித் தருவார்கள். போத்தல் கொண்டுவராதவர் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்புவார். ஊசி போடும் கண்ணாடிக் குழாய் கொதிநீரிலே கிடக்கும். சத்திரசிகிச்சைக்கு உடுக்கும் அங்கி துணி. நோயாளிமேல் விரிப்பதும் துணி. அவை சலவைக்குப் போய், ஆவியில் அவிந்து, மறுபடி வரும். இன்றைய வாலிபர் காணும் வைத்தியசாலை வேறு. உறையைக் கிழிப்பது, ஒருமுறை பயன்படுத்துவது, வாளிக்குள் போடுவது என்று ஆகிவிட்டது. கையுறை, குழாய், அங்கி, விரிப்பு, கத்தி, கிண்ணம் எல்லாவற்றிலும் "ஒருமுறைக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறது.

வைத்தியசாலை உயிர் காக்கும் இடமாதலின் அதனைக் குறைகூற எவருக்கும் நா எழாது. அதனாலேதான் அங்கு நடக்கும் விரயம் நெடுங்காலம் கணக்கில் வராமற் போயிற்று. 2019ஆம் ஆண்டிலே வெளிவந்த ஒரு கணிப்பின்படி, பூமியைச் சூடேற்றும் வாயுக்களில் நூற்றுக்கு 4.4 பங்கு வைத்திய சேவைகளினால் வருகின்றது. உலகிலுள்ள வைத்திய சேவைகள் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து ஒரு நாடாகக் கொண்டால், அந்த வாயுக்களை வெளியிடுவதில் அந்நாடு 5ஆம் இடத்தில் நிற்குமாம். இதிலே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வைத்தியசாலையின் விளக்கும் விசிறியும் அம்புலன்சும் இதிற் சிறு பங்குதான். நூற்றுக்கு 70 பங்குக்குமேல், அங்கே வாங்கப்படும் மருந்தும் கருவியும் பொருள்களும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் உண்டாக்கப்பட்டு, கப்பலேறி வந்து, பின்னர் குப்பையாகும் வழியிலே உண்டாகின்றது. ஆகவே "எரியும் விளக்கை அணையுங்கள்" என்று சுவரில் ஒட்டிவிட்டால் மாத்திரம் காரியம் முடியாது. எதை வாங்குகிறோம், எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்பதிலேதான் விஷயம் இருக்கிறது.

இதற்கு மருந்து எங்கே இருக்கிறது என்று தேடப்போனால், மேல்நாட்டு ஆராய்ச்சியாளரே எமக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஊரைக் காட்டுகிறார்கள். அது மீனாட்சியம்மையின் மதுரை.

மதுரையிலே வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி என்று ஒருவர் இருந்தார். 1918இற் பிறந்தவர். இளம் வைத்தியராக இருந்த காலத்திலேயே கடுமையான மூட்டுவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அந்தக் கோணல் விரல்களாலேயே கண் சத்திரசிகிச்சை செய்யப் பழகி, தம் வாழ்நாளில் ஓர் இலட்சம் கண்களுக்குமேல் சிகிச்சை செய்தார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய 1976ஆம் ஆண்டிலே, 11 படுக்கைகளோடு ஒரு சிறு கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். தாம் போற்றிய அரவிந்தரின் பெயரை அதற்கு இட்டார். 2006இல் அவர் காலமானார். இன்று அந்த ஸ்தாபனத்தின் வைத்தியசாலைகளில் ஆண்டொன்றுக்கு 4 இலட்சத்துக்கு மேற்பட்ட கண் சிகிச்சைகள் நடைபெறுகின்றன. பணமுள்ளவர் கட்டணம் கொடுக்கிறார். இல்லாதவர் இலவசமாகவோ சிறு தொகைக்கோ பார்வை பெறுகிறார்.

அவர் தொடங்கியபோது சுற்றாடலைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. ஏழையின் கண்ணைத் திறக்கவேண்டும், அதற்குச் செலவு குறையவேண்டும் என்பதே நோக்கம். செலவைக் குறைக்கப் புகுந்த இடத்திலே குப்பையும் குறைந்தது. இதனை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. சுற்றாடலைக் காப்பது பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு என்று நம்மவரிற் சிலர் சொல்கிறார்கள். மதுரையிலே சிக்கனந்தான் அதைச் செய்தது.

அங்கே கண்புரை நீக்கும் முறையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஒரு வைத்தியருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே மற்ற மேசையில் அடுத்த நோயாளியைத் தாதியர் ஆயத்தம் செய்துவிடுவார்கள். கிராமங்களிலிருந்து தெரிந்தெடுத்துப் பயிற்றப்பட்ட பெண்பிள்ளைகள் அவர்கள். ஒன்று முடிந்ததும் வைத்தியர் நுண்நோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணைத் தொடங்குவார். ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய அங்கியும் புதிய கையுறையும் எடுப்பதில்லை. கையுறையணிந்த கைகளைக் கிருமிநாசினி கொண்டு கழுவுகிறார்கள். கருவிகளை உடனுக்குடன் கழுவி அழுத்த ஆவியிலே அவிக்கிறார்கள். துணி விரிப்பும் துணி அங்கியும் சலவைக்குப் போகின்றன. ஒரு போத்தல் கண்மருந்து ஒருவருக்கு இரண்டு துளி விட்டதும் குப்பைக்குப் போவதில்லை. அடுத்தவருக்கும் பயன்படுகிறது.

அழுத்த ஆவி என்றால் என்னவென்று வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்பிலே கொதிக்கும் நீர் 100 பாகைக்குமேற் சூடேறாது. அந்தச் சூட்டிலே சில கிருமிகளின் வித்துக்கள் சாவதில்லை. வீட்டிலே பருப்பவிக்கும் பிரஷர் குக்கரைப்போல மூடி, அமுக்கத்தைக் கூட்டினால், ஆவி 121 பாகைக்குப் போகும். அதிலே 15 நிமிடம் இருந்தால் அந்த வித்துக்களும் மடியும். உறைக்குள் வரும் புதுக் கருவியிலே கிருமி இல்லாதிருப்பதற்கும், அவித்தெடுத்த பழைய கருவியிலே கிருமி இல்லாதிருப்பதற்கும் வேறுபாடு கிடையாது. செத்த கிருமி இரண்டிலும் செத்த கிருமிதான்.

2017இலே அமெரிக்க, இந்திய ஆராய்ச்சியாளர் சேர்ந்து இந்த வைத்தியசாலையின் குப்பையை நிறுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கண்புரைச் சிகிச்சைக்கு உண்டான குப்பை ஏறக்குறைய 250 கிராம். பெரியதொரு மாம்பழத்தின் எடை. வெளியான சூடேற்றும் வாயுவைக் கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 6 கிலோ. அதே சிகிச்சைக்குப் பிரித்தானியாவிலே உண்டாவதில் இது நூற்றுக்கு 5 பங்கு என்று அவர்கள் எழுதினார்கள். அதாவது அங்கே ஒரு கண்ணைத் திறக்க உண்டாகும் வாயுவுக்கு இங்கே 20 கண்களைத் திறந்துவிடலாம்.

"சரி, குப்பை குறைந்தது, கண்ணுக்கு என்ன ஆயிற்று?" என்று நீங்கள் கேட்கவேண்டும். கேட்காமலிருந்தால் அது தவறு. சிகிச்சைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி புகுந்தால் பார்வை போய்விடும். ஆகவே இந்த முறையின் நன்மை தீமையை அளக்கும் உரைகல் அதுவே. 2019இலே இவ்வைத்தியசாலையினர் 20 இலட்சம் கண்புரைச் சிகிச்சைகளின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சிகிச்சை முடிவில் கண்ணுக்குள்ளேயே ஒரு கிருமியெதிர்ப்பு மருந்தைச் செலுத்தாத காலத்திலே 10,000 கண்களில் ஏறக்குறைய 7 கண்களுக்கு இந்நோய் வந்தது. அம்மருந்தைச் செலுத்தத் தொடங்கியபின் அது 2 ஆகக் குறைந்தது. ஒவ்வொருவருக்கும் புதிதுபுதிதாகக் கிழித்துப் போடும் அமெரிக்காவிலே, பல இலட்சம் சிகிச்சைகளின் பதிவேட்டில் அது 10,000க்கு 4 ஆக இருந்தது. ஆகவே மலைபோல் வீசியெறிந்தவர்கள் மதுரையைவிடக் கூடுதலாக ஒன்றும் வாங்கிவிடவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, மறுபக்கத்தையும் சொல்லாமற் போனால் பெரும் பிழையாகும். மீண்டும் பயன்படுத்துவதெல்லாம் நன்மை என்று எவரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடக்கூடாது. எகிப்து தேசத்திலே 1950களிலிருந்து 1980கள்வரை, நத்தைகளால் பரவும் ஒருவகைப் புழுநோயை ஒழிப்பதற்கு அரசாங்கம் கிராமங்கள்தோறும் ஊசி போட்டது. நோக்கம் நல்லது. ஆனால் ஊசிகளைச் சரியாக அவிக்காமல் ஒருவருக்குப் போட்டதை மற்றவருக்கும் போட்டார்கள். புழு போன உடம்பிலே ஈரலை அரிக்கும் கிருமி குடிபுகுந்தது. உலகிலேயே அந்த ஈரல் நோய் மிகக் கூடுதலாக இருந்த நாடுகளில் ஒன்றாக எகிப்து பல தசாப்தங்கள் துன்பப்பட்டது. தோலைத் துளைக்கும் ஊசி ஒருவருக்கு ஒன்று. அதிலே சிக்கனம் பேச இடமில்லை. உட்புறம் கழுவ முடியாத நுண்குழாய்களும் அவ்வாறே. துணி, உலோகம், கிண்ணம், போர்வை, அங்கி என்பன வேறு வகை. இந்த இரண்டையும் பிரித்தறியாமல், ஊசிக்குரிய பயத்தை அங்கிக்கும் போர்வைக்கும் ஏற்றிவிட்டதே இன்றைய விரயத்துக்குப் பெருங்காரணம் என்பது எமது அபிப்பிராயம். ஒருமுறைப் பொருளை விற்பவருக்கு இந்தப் பயத்தினால் நட்டமில்லை என்பதையும் மெதுவாகச் சொல்லி வைக்கிறோம்.

மேல்நாடுகளிலும் இதனை இப்பொழுது உணரத் தலைப்பட்டிருக்கிறார்கள். இலண்டனிலே கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் என்ற பெயர்பெற்ற குழந்தைகள் வைத்தியசாலையில், 2018இலே தாதியர் ஒரு காரியம் செய்தார்கள். தேவையில்லாத வேளைகளில் கையுறை போடுவதை நிறுத்துவோம் என்றார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கவும் வாயால் மருந்து கொடுக்கவும் கையுறை எதற்கு? சோப்பிட்டுக் கழுவிய கை போதுமல்லவா? கையுறை போட்டவர் கை கழுவ மறந்துவிடுகிறார் என்பதும் தெரியவந்தது. ஓராண்டிலே 21 தொன் பிளாஸ்ரிக் குறைந்ததாக அறிவித்தார்கள். கண்மருந்தின் கதையும் இவ்வாறே. அமெரிக்காவில் நான்கு நிலையங்களை ஆராய்ந்தபோது, கண்புரைச் சிகிச்சைக்குத் திறந்த மருந்தில் அளவால் நூற்றுக்கு 45 பங்கு பயன்படாமலே கொட்டப்பட்டது என்று 2019இலே கண்டார்கள். 2022இலே அந்நாட்டுக் கண்வைத்தியச் சங்கங்கள் ஒன்றுகூடி, தக்க முறையைப் பின்பற்றினால் ஒரு போத்தலைப் பலருக்குப் பயன்படுத்தலாம், மிகுதியை நோயாளியிடமே வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று எழுதின. மதுரையிலே தாதிப்பிள்ளைகள் பல காலமாகச் செய்துவருவதை இப்பொழுது சங்கம் கூடித் தீர்மானிக்கிறார்கள்!

கண்ணுக்குத் தெரியாத குப்பையும் உண்டு. நோயாளியை மயக்குவதற்குச் சுவாசிக்கக் கொடுக்கும் வாயுக்களை உடம்பு பெரும்பாலும் செலவழிப்பதில்லை. அவை மூச்சோடு வெளிவந்து, குழாய்வழி கூரைக்கு மேலே போய்விடும். டெஸ்புளூரேன் என்னும் மயக்கவாயு கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 2,500 மடங்கு பூமியைச் சூடேற்ற வல்லது. அதற்குப் பதிலாகத் தீங்கு மிகக் குறைந்த வேறு மருந்துகள் இருக்கின்றன. 2023இலே ஸ்கொத்லாந்து தன் வைத்தியசாலைகளில் அதை நிறுத்திவிட்டது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் கோலிலுள்ள பாதரசத்தைப் பற்றிப் பேசப்புகுந்தால், 2001இலே ஒரு தொழிற்சாலையின் பாதரசக் கழிவு அம்பலமான கொடைக்கானல் மலைவரை போகவேண்டும். அதனை இன்னொரு நாளைக்கு வைப்போம்.

வீசிய பொருள் எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு எமது நாட்டிலேயே ஒரு விடை கப்பலேறி வந்தது. 2017 முதல் 2019 வரை, பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரிலே பிரித்தானியாவிலிருந்து நூற்றுக்கணக்கான கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. துர்நாற்றம் எழுந்து திறந்து பார்த்தபோது, வைத்தியசாலைக் கழிவும் அதனுள் இருந்ததாகச் சுங்க அதிகாரிகள் கூறினார்கள். வழக்கு நடந்து, நீதிமன்றம் கட்டளையிட்டு, 2022ஆம் ஆண்டிலேதான் கடைசித் தொகுதி திருப்பியனுப்பப்பட்டது. "வீசிவிட்டோம்" என்று ஒருவர் சொன்னால், இன்னொருவருடைய வாசலிலே வைத்துவிட்டோம் என்றே அதற்குப் பொருள்.

எமது வாசலும் அப்படியொன்றும் சுத்தமில்லை. வைத்தியசாலைக் குப்பையில் நூற்றுக்கு 85 பங்கு வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் குப்பை. 15 பங்கே ஆபத்தானது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ஒரு வாளியிலே இரண்டையும் கலந்துவிட்டால் நூறும் ஆபத்தாகிவிடும். கலந்ததைக் குறைந்த சூட்டில் எரித்தால், பிளாஸ்ரிக் வகைகளிலிருந்து டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு எழும். எரிக்காமற் புதைத்தால்? குடாநாட்டு மண்ணின் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புக்களின் வழியே மேலே ஊற்றியது கீழே இறங்கும். கீழே இருப்பதைத்தான் நாம் கிணற்றிலே அள்ளிக் குடிக்கிறோம். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறதென்று 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த கலக்கத்தை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். மிஞ்சிய மருந்தைக் கிணற்றடியிலும் மலசலகூடத்திலும் கொட்டுகிறவர்கள் அதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுவே எமக்குப் பெரிதாகப் படுகிறது. 2022ஆம் ஆண்டிலே நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றிப்போனபோது, மருந்தும் கருவிகளும் வாங்க முடியாமல் வைத்தியசாலைகள் தவித்தன. பேராதனைப் போதனா வைத்தியசாலையிலே, குறித்த நாளில் நடக்கவேண்டிய சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தார்கள். மருந்து கப்பலிலேதான் வரவேண்டும். அதற்கு வேறு வழியில்லை. ஆனால் அங்கியும் விரிப்பும் கிண்ணமும்கூடக் கப்பலில் வந்துதான் ஆகவேண்டுமா? சலவைத் தொட்டியும் ஆவிக் கலமும் பயிற்றப்பட்ட கைகளும் உள்ள இடத்திலே, அடுத்த கப்பல் பிந்தினாலும் கத்தி அவிந்துகொண்டிருக்கும். எமது வைத்தியசாலைகளில் இவை முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஒழிவதற்கு முன்னர் பேசவேண்டும் என்பதற்காகவே இத்தனையும் சொல்கிறோம்.

மதுரை முறையில் குறை இல்லையா என்றால், உண்டு. அங்கே உண்டாகும் அந்த 6 கிலோவிற் பெரும்பகுதி கருவிகளை அவித்தெடுக்கும் வேலையினால் வருவதென்று அதே ஆராய்ச்சி கண்டது. நிலக்கரியை எரித்து உண்டாக்கும் மின்சாரமாயின் கழுவுவதும் அவிப்பதும் இலவசமல்ல. வருஷம் முழுதும் வெயில் காயும் எமது கூரைகளைப்பற்றி யோசிக்க இதிலே இடமிருக்கிறது.

எமது வாலிபர்கள் ஆண்டுதோறும் சிரமதானம் செய்கிறார்கள். பாராட்டுக்குரியது. இம்முறை வைத்தியசாலைக்குப் போவதாயின், மண்வெட்டியோடு நேரே போய் இறங்கிவிடவேண்டாம். கிழமைக்கு முன்னரே இரண்டுபேர் போய், தாதி அக்காமாரிடமும் சிற்றூழியர்களிடமும் கேட்டறிந்து வரட்டும். எந்த வாளியிலே எது விழுகிறது? எந்த வாளி இல்லாமையால் எல்லாம் ஒன்றிலே விழுகிறது? ஆவிக் கலம் பழுதாகி எவ்வளவு காலம்? விரிப்புத் தைக்க எத்தனை யார் துணி வேண்டும்? எமது தாய்மார் சங்கத்திலே தையல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஊசி கிடக்கும் வாளியிலே மாத்திரம் வாலிபர் கைவைக்கக்கூடாது; அது பயிற்சி பெற்றவர் வேலை.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. சோற்றுப் பார்சலைப் பொலித்தீனிலே சுற்றிக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே விட்டுவருகிறோம். வீட்டிலே கரியர் கிடக்கிறது. அடுக்கிலே சோறு, அடுத்ததிலே கறி, மேலே ஒரு துண்டு பழம். வெறும் கரியர் திரும்பி வீட்டுக்கு வரும்; கழுவி நாளைக்கும் கொண்டுபோகலாம்.

முன்னே இருக்கும் பெரியவர் ஒருவர் கூட்டம் தொடங்குமுன் எம்மிடம் கேட்டார்: "தம்பி, இவ்வளவும் பேசப்போகிறீர்கள், நாளைக்கு உங்கள் கண்ணிலே புரை வந்தால், இன்னொருவருக்கு விட்ட போத்தலிலிருந்து மருந்து விடச் சம்மதிப்பீர்களா?" நல்ல கேள்வி. போத்தலின் முனை எவர் கண்ணிலும் படாமல் உயரப் பிடித்து விடுகிறார்களா, திறந்த திகதியை அதன்மேல் எழுதியிருக்கிறார்களா என்று கேட்போம். ஆம் என்றால் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வோம்.